நோட்டின் கடைசிக் கட்டம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களங்கொம்பு, பெரும்பாறை என்று கீழ்ப் பழனி மலையில் சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் காபி விற்ற கதையை இரண்டு காலமாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது காபி வாரியத்தின் காலம். விளைந்த காபியை விவசாயி தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 'பூலுக்குப் போட்டோம்' என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்வார். வாரியம் எல்லார் காபியையும் ஒன்றாகச் சேர்த்து, தரம் பிரித்து, ஏலத்தில் விற்று, பணத்தைத் தவணை தவணையாக அனுப்பும். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு, தரத்துக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அதை ஏமாற்று என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அந்த ரசீதிடம் போய் நிலைமையைச் சொல்ல முடியாது. தவணை வருகிறபோதுதான் வரும்.

1992-ல் தளர ஆரம்பித்த அந்த ஏற்பாடு 1996-ல் முழுதாகப் போனது. அப்புறம் வியாபாரிகளின் காலம். வியாபாரி வாசலுக்கே வருவார். பெண்ணுக்குச் சடங்கு என்றால் சீரோடு வந்து நிற்பார். ஆடி மாதம் கையில் காசில்லாமல் தவிக்கும்போது கேட்காமலே முன்பணம் கொடுப்பார். கணக்கு மட்டும் அவருடைய நோட்டில்தான் இருக்கும். காபியை உள்ளங்கையில் அள்ளி, ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்து, "ஈரம் இருக்குப்பா" என்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ என்று கழிப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. ஆடியில் வாங்கிய பணம் வாயைக் கட்டிப்போட்டிருக்கும்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. முதல் ஏற்பாட்டில் கணக்கு சுத்தமாக இருந்தது, பேசுவதற்கு ஆள் இல்லை. இரண்டாவதில் பேச ஆள் இருந்தார், கணக்குதான் கேட்க முடியாத இடத்தில் இருந்தது. நான் காபித்தூள் வியாபாரத்தில் இறங்கியபோது என் மனதில் இருந்த திட்டமெல்லாம் இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான். அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். சின்னதாக ஏதாவது தொழில் செய்கிறவர்களுக்குப் பயன்படலாம்.

எங்கள் வேலை இதுதான். அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் பார்ச்மென்ட் காபியாக வாங்குவோம். அதாவது, பழுத்த பழத்தைப் பறித்து, அன்றைக்கே பல்ப்பரில் தோலுரித்து, வழவழப்பு போகும்வரை தொட்டியில் போட்டுவைத்து, கழுவி, களத்தில் காயவைத்த காபி. கொட்டையின் மேல் மெல்லிய உறை ஒன்று இருக்கும். அந்த உறையை நீக்கி, தரம் பிரித்து, வறுத்து, அரைத்து, மதுரை, திண்டுக்கல், கோவை, சென்னை வீடுகளுக்கு அனுப்புகிறோம். பேக்கிங்கில் இரண்டு அக்காமார், வறுவலுக்கு ஒரு தம்பி, மற்றதெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும்.

100 கிலோ பார்ச்மென்ட் வாங்கினால் உறை போக ஏறக்குறைய 80 கிலோ பச்சைக் கொட்டைதான் மிஞ்சும். வறுக்கும்போது அதில் ஆறில் ஒரு பங்கு எடை ஆவியாகப் போய்விடும். கடைசியில் கைக்கு வருவது 66, 67 கிலோ. இந்தக் கணக்கை எங்களுக்குக் காபி போடும் எல்லா விவசாயிக்கும், எங்களிடம் தூள் வாங்கும் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன். இதை மூடி வைப்பதில் எங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இது தெரிந்தவர்கள் விலையைப் பற்றிச் சண்டைக்கு வருவதில்லை, கேள்வி கேட்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

முதலில் வாங்கிய பெரிய சாமான் வறுக்கிற டிரம் இல்லை, ஈரம் பார்க்கிற மெஷின். வீட்டில் எல்லாரும் எதற்கு என்றார்கள். அந்த ஒரு பொருள்தான் எங்கள் வியாபாரத்தை நிற்க வைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பார்ச்மென்ட் காபி 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். 14 சதவீத ஈரத்தில் இருக்கிற 100 கிலோ காபி 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 95 கிலோ 500 கிராம் ஆகும். அப்படியென்றால் 14 சதவீதத்தில் கொண்டுவருகிறவருக்கு 100 கிலோவுக்கு நாலரைக் கிலோ கழிப்பது நியாயம். பல்லில் கடித்துப் பார்த்து எட்டுக் கிலோ கழிப்பது நியாயமில்லை. ஒன்றுமே கழிக்காமல் 'நம்ம ஆளுதானே' என்று எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை. வெயிலில் நாலு நாள் கூடப் புரட்டிப் போட்டுக் காயவைத்த பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்கிற துரோகம் அது.

மெஷினை விவசாயியின் வாசலிலேயே வைத்துத்தான் பார்ப்போம். மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி, நடுவிலிருந்து ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி. மூன்றையும் கலந்து உள்ளே போட்டால் எண் வரும். அந்த எண்ணை நான் படிப்பதில்லை. அவரையே, அல்லது அவர் வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்வேன். மங்களங்கொம்புப் பக்கம் ஒரு அப்பத்தா, முதல் வருஷம் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, இது ஆளப் பாத்துப் பேசாதுல்ல?" என்று கேட்டார். அவர் பேரன் எண்ணைப் படித்தான். 11. 100 கிலோவில் ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் கழிந்தது. அதுவரை எத்தனை கிலோ கழிந்துகொண்டிருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர் காபி 10-க்கு வந்து நின்றது. ஒரு அறிவுரையும் நாங்கள் சொல்லவில்லை. எண் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், காயவைக்கிறவருக்கு வேலை தெரியும்.

எடை போட்டதும் அங்கேயே சீட்டு. தேதி, மொத்த எடை, சாக்கு எடை, ஈரம், கழிவு, கிலோ விலை, தொகை. கார்பன் வைத்து எழுதி ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. காலிச் சாக்கைக்கூடத் தனியாக நிறுத்துக் கழிப்போம். பணம் அன்றைக்கே போனில் போய்விடும். சில பெரியவர்கள் கையில் வேண்டும் என்பார்கள், அவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கம்.

ஆரம்பத்தில் இந்தச் சீட்டு பலருக்கு மனக்கஷ்டமாக இருந்தது. தூரத்து மாமா முறையாகும் ஒருவர், "என்னத்தா, நமக்குள்ள சீட்டு எதுக்கு? எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று அம்மா அடிக்கடி சொல்வார். அதை மாமாவிடம் சொன்னால் தப்பாகப் போகும். "மாமா, நாளைக்கு நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க. உங்க மகனும் என் மகளும் பேசிக்கணும்ல, அவங்களுக்காக" என்றேன். சரி என்று வாங்கி மடித்துப் பையில் வைத்தார். சில வருஷம் கழித்து அவர் திடீரென்று போய்விட்டார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் காரியம் முடிந்து, அப்பாவின் பெட்டியில் இருந்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தான். கடைசி மூட்டைக்குப் பாதிப் பணம் நாங்கள் தர வேண்டியிருந்தது, வீட்டு வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் எங்களிடமே விட்டுவைத்த பணம். எங்கள் நகலும் அவன் கையில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. காபி குடித்துவிட்டு, பணம் வாங்கிக்கொண்டு, தோட்டத்தை என்ன செய்யலாம் என்று என் வீட்டுக்காரரிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போனான். இன்றைக்கும் அந்தத் தோட்டத்துக் காபி எங்களுக்குத்தான் வருகிறது.

இன்னொரு வழக்கம், எடை முடிந்ததும் உடனே கிளம்பக் கூடாது. கணக்கு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுவதால் மிச்ச நேரம் திண்ணைக்குத்தான். மார்ச், ஏப்ரலில் பூ மலர வைக்கும் மழை யார் சரிவில் நன்றாகப் பெய்தது, யாருடைய செடியில் தண்டுத் துளைப்பான் ஏறியிருக்கிறது, பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் யார் திண்டாடுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பூவிலிருந்து பழம் பழுக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். ஏப்ரலில் திண்ணையில் கேட்டதை எழுதி வைத்தால் டிசம்பரில் எவ்வளவு காபி வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எங்களிடம் இருக்கிற ஒரே விளைச்சல் முன்கணிப்பு அதுதான், அது பெரும்பாலும் தவறுவதில்லை. துளைப்பான் பற்றிக் கேள்விப்பட்டால் தாண்டிக்குடியில் இருக்கும் காபி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டுவந்து சொல்வோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

வாடிக்கையாளர் பக்கம் வேறு மாதிரி வேலை.

காபி குடிக்கிறவர்களுக்கு அவரவர் கலவை கிட்டத்தட்ட ஜாதகம் மாதிரி. 'பிளான்டேஷன் ஏ அறுபது, பீபெரி நாற்பது, சிக்கரி இருபது' என்று சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். பிளான்டேஷன் ஏ என்பது பெரிய கொட்டைத் தரம், பீபெரி என்பது ஒற்றைக் கொட்டை. அறுபதும் நாற்பதும் காபிக்குள் அவற்றின் பங்கு, இருபது என்பது மொத்தத் தூளில் சிக்கரியின் சதவீதம். 'அம்மா வாங்கின மாதிரி' என்று மட்டும் சொல்வார்கள் சிலர். பித்தளை பில்டர் என்றால் அரவை ஒரு மாதிரி, எவர்சில்வர் பில்டரில் துளை பெரிதாக இருந்தால் இன்னொரு மாதிரி. முதல் இருபது, முப்பது வீடுகள் வரை எல்லாம் என் தலையில் இருந்தது. போன் எடுத்தால் குரலை வைத்தே கலவை சொல்லிவிடுவேன். அதற்கு மேல் போனால் யாருக்காவது சிக்கரி மாறிவிடும் என்று தெரிந்ததும் நோட்டுப் போட்டேன். கம்ப்யூட்டர் இல்லை, நீளமான கணக்கு நோட்டு. எங்கள் ஊரில் மழை பிடித்தால் கரண்டும் போகும், டவரும் போகும். அதனால் இன்றைக்கும் முதலில் நோட்டு, சாயங்காலம் அதைப் பார்த்து போனில் இருக்கும் அட்டவணையில் ஏற்றுவது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் கரையேறி எங்கள் மலையைத் தாண்டிக் கேரளா போனபோது இந்த நோட்டின் அருமை தெரிந்தது. சில்வர் ஓக் மரங்கள் காபிச் செடிகள் மேல் விழுந்து கிடந்தன, ரோடு இல்லை, கரண்டு இல்லை, போன் சார்ஜ் இல்லை. சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று, கடன் வாங்கிய போனில், நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டோம். பார்சல் எப்போது வரும் என்று கேட்டவர்களைவிட வீடு பத்திரமா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அந்த நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், சாரா, மாமியா, அண்ணனா, அக்காவா. கலவை. சிக்கரி. அரவை. அளவு. கடைசியாக அனுப்பிய தேதி. யார் சொல்லி வந்தார். இவ்வளவும் எந்தக் கடையிலும் இருக்கும். கடைசிக் கட்டம் ஒன்று வைத்திருக்கிறோம், அதற்குத் தலைப்பு கிடையாது. போனில் பேசும்போது அவர்களாகச் சொன்ன ஏதாவது ஒன்றை ஒரே வரியில் அதில் எழுத வேண்டும். 'மகள் பிளஸ் டூ.' 'காலை ஆறு மணிக்கே போன் எடுப்பார், மத்தியானம் தூங்குவார்.' 'சார் ரிட்டயர்டு, தூத்துக்குடிக்கு வீடு மாறுகிறார்.' 'டாக்டர் காபியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், நாமாகக் கேட்டு அனுப்பக் கூடாது.'

அவர்களாகச் சொன்னதை மட்டும்தான் எழுதலாம், தோண்டிக் கேட்கக் கூடாது. எழுதியதை வியாபாரத்துக்கு வெளியே ஒருவரிடமும் சொல்லக் கூடாது. அக்காமாரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அந்தக் கட்டம் எதற்கு ஆகும் என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். காபித்தூள் அரைத்து இரண்டு, மூன்று வாரத்தில் வாசனை இறங்கிவிடும், அதனால் வீட்டுக்குத் தேவையான அளவே அனுப்புகிறோம். ஒரு டம்ளருக்குப் பத்துக் கிராம் என்றால், காலையும் மாலையும் குடிக்கிற இரண்டு பேருக்கு அரைக் கிலோ பன்னிரண்டு நாளுக்கு வரும். தேதி தெரியும் என்பதால், தீர்வதற்கு மூன்று நாள் முன்னால் 'தூள் அனுப்பலாமா?' என்று வாட்ஸ்ஆப்பில் கேட்போம். எங்கள் விற்பனையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில்தான் நடக்கிறது. இதைத் தானாகவே போகும்படி செய்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். செய்யவில்லை. திங்கள்கிழமை காலையில் அந்த வாரம் கேட்க வேண்டியவர்களின் பட்டியலை ஒரு அக்கா சத்தமாக வாசிப்பார், இன்னொரு அக்கா நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்.

ஒரு நாள் மதுரை வீடு ஒன்றின் பெயர் வந்தது. அந்த வீட்டுக்கு எப்போதும் இரண்டு பொட்டலம் போகும். ஒன்று அரைக் கிலோ, இன்னொன்று 'பாட்டிக்கு' என்று எழுதிய 100 கிராம், சிக்கரி இல்லாதது. கடைசிக் கட்டத்தில் 'பாட்டி ஐசியூவில்' என்று போன தடவை எழுதியிருந்தது. அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டார். மெசேஜ் போகவில்லை. நான் சாயங்காலம் கூப்பிட்டேன். பாட்டி போய்ப் பத்து நாளாகியிருந்தது. அந்தம்மா அரை மணி நேரம் பேசினார், காபியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினாறு முடிந்த பிறகு அவராகவே ஆர்டர் கொடுத்தார். 'பாட்டிக்கு' என்ற வரியை அக்கா அடிக்கவில்லை, பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறார். தானாகப் போகிற மெசேஜ் அந்த வீட்டில் 'பாட்டிக்கு 100 கிராம் அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கும்.

கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. வாட்ஸ்ஆப் பிசினஸில் லேபிள் போடுவது, அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைப்பது எல்லாம் செய்கிறோம், நேரம் ரொம்பவே மிச்சம். அந்தச் செயலியில் ஒரே மெசேஜைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாக வருகிறவரிடம் முதல் தடவை போனில் பேசும்போதே, "நம்பரை உங்க போன்ல போட்டு வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுவோம். மனமில்லாதவர் சேமிக்க மாட்டார், அவருக்கு நம் தொந்தரவும் போகாது.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். பொட்டலத்தின் மேல் நிகர எடை, விலை, பேக் செய்த தேதியோடு, புகார் சொல்லக் கூப்பிட வேண்டிய நம்பரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் என் சொந்த நம்பரைப் போட்டிருக்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணையும் அச்சடிக்கிறோம். ஜிஎஸ்டி விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை, ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பொட்டலம் விற்றாலும் பதிவு வேண்டும். பெங்களூரில் இருக்கும் மருமகளுக்கும் அனுப்புங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் பதிவு செய்தோம்.

வியாபாரம் பெரிதானது பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளால். மதுரையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், தனக்கு வாங்கியதில் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தார். அவர்கள் கேட்டார்கள், அப்புறம் மாடி வீடு, எதிர் வீடு. இப்போது அந்தக் கட்டடத்துக்கு ஒரே பெட்டி போகிறது, டீச்சர் பிரித்துக் கொடுக்கிறார். தனித்தனியாக அனுப்பினால் ஆகும் கூரியர் செலவில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. டீச்சர் ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் பெட்டியைப் பிரிக்கிறார், பணம் சேரவில்லை என்றால் ஞாபகப்படுத்துகிறார், யாராவது ஊரில் இல்லையென்றால் எடுத்து வைக்கிறார். வேலை வேலைதான். அன்பினால் செய்கிறார் என்பதற்காக அதைக் கூலியில்லா வேலையாக விட்டுவிட்டால் ஒரு நாள் அவருக்கும் அலுத்துப் போகும், சொல்லவும் முடியாமல் இருப்பார். கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம்: ஒவ்வொரு பெட்டியிலும் அவர் வீட்டுத் தூளுக்குப் பணம் இல்லை. அது பில்லிலேயே 'விநியோகப் படி' என்று வரியாக வரும். மலைவாழையும் பட்டர் ஃப்ரூட்டும் காய்க்கிற காலத்தில் அனுப்புவது தனி, அது டீச்சர் மேல் எங்களுக்கு இருக்கும் பிரியத்துக்கு. இரண்டையும் கலக்காமல் இருப்பதால் இரண்டும் ஓடுகிறது. இன்னும் பல கட்டடங்களில் இதே முறைதான்.

பாக்கி விஷயத்திலும் இதே புத்திதான் காப்பாற்றியது. கொடைக்கானலில் இரண்டு, மூன்று விடுதிகளுக்குத் தூள் போடுகிறோம். ஒரு இடத்தில் பணம் மாதக்கணக்கில் இழுத்தது. மேனேஜர் நல்ல மனிதர், பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார். அவரிடம் பணம் கேட்டு முகத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு செய்த சிறு உற்பத்தியாளர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி எங்களைப் போன்றவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை எல்லா விடுதிக்கும் போகிற எல்லா பில்லின் அடியிலும் உத்யம் எண்ணோடு அச்சடித்தோம். வட்டி கேட்டதில்லை. அந்த வரியை மேனேஜர் தன் முதலாளியிடம் காட்டி வாங்கிக் கொடுத்தார். கேட்க வேண்டிய கடுமையான வார்த்தையைப் பில் கேட்டுவிட்டது, எனக்கும் அவருக்கும் நடுவில் மனஸ்தாபம் இல்லை.

விலை ஏறிய கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2024-ல் பிரேசிலில் வறட்சி. அரபிகா என்ற காபி வகையின் விலை உலகச் சந்தையில் ஏறிக்கொண்டே போய், 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. தாண்டிக்குடி வாசலில் விற்கிற காபிக்கும் நியூயார்க் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த வருஷம் பதில் கிடைத்தது. வியாபாரிகள் வண்டியோடு வந்து நின்றார்கள். எங்கள் விவசாயிகளிடம், காபியை எங்களுக்கே கொடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, அவர்களுக்கு அது நல்ல வருஷம். சந்தை விலையைப் பார்த்து, அன்றைய விலைக்கே வாங்குவோம் என்று எல்லாரிடமும் போய்ச் சொன்னோம். கையில் முதல் குறைவாக இருந்ததால், இருந்ததற்கு ஏற்ற மூட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மற்றவருக்கு விற்கச் சொன்னோம். சீட்டில் விலை பளிச்சென்று இருந்ததால் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

வாங்குகிறவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். சிக்கரியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் விலையை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எவ்வளவு என்று பொட்டலத்தில் போட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சட்டத்துக்குள்ளேயே நிறைய விளையாடலாம். ஆனால் இருபது சிக்கரி என்று கேட்டு வாங்குகிற வீட்டின் நாக்குக்கு அது தெரியும். மூன்று மாதமாக வாங்கிக்கொண்டிருந்த எல்லாரையும் போனில் கூப்பிட்டோம், மெசேஜ் இல்லை. அக்காமாரும் நானும் பங்கு பிரித்துக்கொண்டு, பச்சைக் கொட்டை விலை, உறைக் கழிவு, வறுவல் கழிவு, கூரியர் என்று கணக்கை வாய்விட்டுச் சொன்னோம். அப்புறம், "அளவைக் குறைச்சுக்கிறீங்களா, இல்ல கலவையை மாத்திக்கலாமா?" என்று கேட்டோம். சிலர் அரைக் கிலோவை 300 கிராம் ஆக்கினார்கள். சிலர் தாங்களே சிக்கரியைக் கூட்டச் சொன்னார்கள். சிலர் நின்றுவிட்டார்கள், அவர்களுடைய வரிசையும் நோட்டில் அப்படியே இருக்கிறது. கோவையிலிருந்து ஒருவர், "அந்த விவசாயிகளுக்கு இந்த வருஷமாவது நல்ல காசு கெடச்சுதா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைச் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன், தோராயமாக இல்லை.

இப்போது பாச்சலூர்ப் பக்கத்திலிருந்து நாலைந்து விவசாயிகள் எங்களுக்குக் காபி போடக் கேட்டிருக்கிறார்கள். நல்ல காபி, மிளகுக் கொடிகளுக்கு நடுவே நிழலில் விளைந்தது. ஈர மெஷின் இன்னொன்று வாங்கிவிடலாம், சீட்டுப் புத்தகம் கூடுதலாக அச்சடிக்கலாம், வறுவலில் இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே போய்த் திண்ணையில் உட்கார ஆள்தான் இல்லை. யானை நடமாடும் பாதை என்பதால் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். எடை மட்டும் போட்டுவிட்டு ஓடி வருவதென்றால் எங்களுக்கும் மற்ற வண்டிகளுக்கும் வித்தியாசம் இல்லை. பேக்கிங் அக்காவின் மகன் இந்தப் பருவம் முழுக்க என்னோடு வாசல் வாசலாக வந்து பழகப் போகிறான். எண்ணைத் தான் படிக்காமல் விவசாயியைப் படிக்கச் சொல்ல வேண்டும் என்பதில் இன்னும் கொஞ்சம் அவசரப்படுகிறான். அவன் தயாரானதும் பாச்சலூரில் ஆரம்பிப்போம். இந்த வருஷக் காபியை இப்போது கொடுத்துவரும் வியாபாரிக்கே கொடுங்கள், அடுத்த ஏப்ரலில் பூ பார்க்க வருகிறோம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.